விட்டுப்போன ‘அவர்கள்’

— பாய், அந்தக் கல்லை இன்னும் வண்டியில ஏத்தலீங்கல்ல?

— எந்தக் கல்லுங்க அம்மணி? கடை பூராம் கல்லுதான். மொதல்ல அந்த மெஷின்கிட்ட இருந்து தள்ளி வாங்க, சேலையில தூசி அப்பிக்கும்.

— அப்புனா அப்பட்டுங்க. பஸ் ஸ்டாப் நிழற்குடைக்கு வைக்கிற கல்லு. நாளைக்குக் குடியரசு தினத்துல தொறக்கறாங்களே...

— ஓ, மில்லுக்காரர் ஆர்டருங்களா? மத்தியானம் டெம்போ வருது. ஏத்தி உட வேண்டியதுதான்.

— ஏத்தாதீங்க.

— ஏனுங்க?

— அதுல தப்பு இருக்குது.

— அம்மணி, இந்த அப்துல் வஹீது சோமனூர்ல முப்பது வருசமா கல்லு வெட்டறானுங்க. ஒரு புள்ளி மாறுனதில்ல. இருங்க... இந்தாங்க, அவங்க எழுதிக் குடுத்த தாளு. நீங்களே பாருங்க.

— நான் பார்க்க வேண்டியதில்ல. நீங்க படிங்க. சத்தமாப் படிங்க.

— பரீட்சையாட்டம் இருக்குதே... சரி. ‘வாட்ச்மேன் வேலுமணி நினைவு நிழற்குடை. திறந்து வைப்பவர், மில் உரிமையாளர் உயர்திரு திருமலைசாமி அவர்கள். முன்னிலை, திரு உதய் அவர்கள். கட்டடப் பணி, மேஸ்திரி திரு ரவிக்குமார் அவர்கள்.’ போதுங்களா?

— தப்பு தெரியலீங்களா?

— எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லீங்களே.

— பாய்! மேஸ்திரிக்கு ‘அவர்கள்’ இருக்குது. உதய்க்கு இன்னும் காலேஜ்கூட முடியல, அவனுக்கும் ‘திரு’ இருக்குது, ‘அவர்கள்’ இருக்குது. யார் பேர்ல நிழற்குடை கட்டியிருக்குதோ அந்த மனுசனுக்கு மட்டும் மொட்டையா ‘வேலுமணி’!

— மில்லுக்காரர் பையனை ‘அவன்’ங்கறீங்க... தைரியம்தானுங்க உங்களுக்கு.

— பேச்சை மாத்தாதீங்க.

— இல்லீங்க, இந்த ஊர்ல வழியில நிக்கிற மாட்டைக்கூட ‘கொஞ்சம் நகருங்க’ன்னு சொல்றவங்க நாம. அதனால கேட்டேன்.

— அதைத்தான் நானும் கேக்கறேன்! மாட்டுக்குப் போடற ‘ங்க’ வேலுமணிக்கு மட்டும் எங்க போச்சு? அந்தத் தெருவுல பொறந்துட்டா, நாட்டைக் காத்துப்போட்டு வந்தாலும் கடைசி வரைக்கும் ‘வேலா’தானுங்களா?

— என்னை எதுக்குங்க முறைக்கறீங்க? தாள்ல இருக்கறதை வெட்டறவன் நான்.

— அப்ப தாள்ல விசத்தைக் குடின்னு எழுதியிருந்தா குடிப்பீங்களா?

— அம்மணி... டீ குடிக்கறீங்களா? ஏலக்கா போட்டது.

— எனக்கு ஒண்ணும் வேண்டாம். ‘வாட்ச்மேனாம்’! ஒம்பது வருசம் மில்லு கேட்டுல நின்னது மட்டும் தெரியுது. அதுக்கு முந்தி இருபத்தாறு வருசம் எல்லையில நின்னது யாருக்கும் தெரியல. பனியில ரெண்டு கால்விரலு போச்சு அவுருக்கு. சுபேதாரா ரிட்டயர்டு ஆனவரு!

— தெரியுங்க.

— தெரியுமா? தெரிஞ்சுமா வாட்ச்மேன்னு வெட்டுனீங்க? அந்த ரெண்டு விரலு இல்லாத காலோட தெனமும் காலையில குளத்து மேட்டுல பசங்களையும் பொண்ணுங்களையும் ஓட வெச்சாரு. பதினோரு பேரு போலீசுலயும் மிலிட்டரியிலயும் இருக்கறாங்க. அவுரு பொண்ணு யுவஸ்ரீயும் அதுல ஒருத்தி.

— யுவஸ்ரீக்கு நீங்க சொந்தங்களா?

— இல்லீங்க.

— அப்ப அவுங்க தெருங்களா?

— இல்லீங்க. கொரோனா சமயத்துல மில்லுக்காரரோட அம்மா செத்துப்போனாங்களே, கேள்விப்பட்டீங்களா?

— ஊரே பேசுச்சு.

— பெத்த மகன் காருக்குள்ள கண்ணாடியை ஏத்திட்டு உக்காந்திருந்தாரு. ஆம்புலன்சுல இருந்து எறக்க ஒரு ஆளு வரல. வேலுமணி ஒத்தையாத் தூக்குனாரு. சுடுகாட்டுல கொண்டுபோயி வெச்சுட்டு, பெரியவங்களை வெறுங்கையா அனுப்பக்கூடாதுன்னு ஒரு சல்யூட் அடிச்சாரு. அந்தம்மா அவுரை உசுரோட இருந்த வரைக்கும் வாசப்படி ஏற உட்டதில்லீங்க பாய்!

— பக்கத்துல நின்னு பார்த்தாப்புல சொல்றீங்களே...

— ஊரே பேசுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. கல்லை மாத்துவீங்களா, மாட்டீங்களா?

— மாத்துனா மில்லுக்காரர் என்னைச் சும்மா உடுவாருங்களா? இந்தக் கடை இருக்கற எடம் அவுருதுங்க.

— அந்தப் பயம்தான் எல்லாருக்கும். நேத்து சாயங்காலம் அழைப்பிதழை எடுத்துட்டு வேலுமணி ஊட்டுக்குப் போனாங்க. இதே வாசகம்தான் அதுலயும். அவுரு சம்சாரம் சின்னாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. யுவஸ்ரீதான் படிச்சுக் காட்டுனா. பாதியில நிறுத்திப்போட்டா. ‘எல்லாருக்கும் அவர்கள் இருக்குது... அப்பாவுக்கு எங்க?’ன்னு கேட்டா. சின்னாத்தா என்ன சொன்னாங்க தெரியுங்களா?

— என்ன சொன்னாங்க?

— ‘எடம் பத்திருக்காது கண்ணு’ன்னாங்க. சொல்லிப்போட்டு, கொண்டு போனவங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க. கோவிச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க. சிரிச்சாங்க.

— யா அல்லா...

— ஏன், இப்பத்தான் சுடுதுங்களா?

— எனக்கு அந்தத் தாளு வந்த அன்னிக்கே சுட்டுச்சுங்க! எழுதுன மகராசன் ‘ழ’வை எத்தனை அழகாச் சுழிச்சிருக்காரு பாருங்க. முத்து முத்தாக் கையெழுத்து. மேஸ்திரி வரைக்கும் ‘அவர்கள்’ போட்ட கை, அந்தப் பேருகிட்ட வந்து மட்டும் நின்னுபோச்சே! அந்த ஆளு நேர்ல வந்தா நாக்கைப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு இருக்கறேன்.

— கேளுங்க... நல்லாக் கேளுங்க. அந்த ஆளுக்கு அது வேணும்.

— வேலுமணி ஒருக்கா இங்க வந்தாருங்க. பட்டாளத்துல கூட நின்ன நாயக் ஒருத்தரு பனியில பொதைஞ்சு போனாராம், அவுரு பேர்ல சின்னதா ஒரு கல்லு வேணும்னாரு. நான் பேரை மட்டும் எழுதுனேன். ‘பாய், பேரு பெத்தவங்க வெச்சது. ரேங்க் அவன் சம்பாதிச்சதுங்க. அதை உட்டுறாதீங்க’ன்னாரு. அந்த மனுசன் கல்லுல நானே ரேங்கை உடுவனுங்களா? கல்லு மேல கெடக்கற இந்தச் சாக்கைத் தூக்குங்க. அந்தப் பக்கம் புடிங்க... ம்.

— பாய்...!

— படிங்க. இப்ப நீங்க சத்தமாப் படிங்க.

— ‘சுபேதார்... திரு வேலுமணி... அவர்கள் நினைவு நிழற்குடை’...

— நாலு நாளாச்சு வெட்டி. மில்லுல இருந்து வேவு பார்க்க வந்த ஆளோன்னு நெனச்சு உங்ககிட்ட நடிச்சுட்டேனுங்க. மன்னிச்சுக்கங்க.

— மில்லுக்காரர் கேட்டா என்ன பண்ணுவீங்க?

— அதுதானுங்க தூக்கமே இல்ல. தாள்ல ஒண்ணு, கல்லுல ஒண்ணு. எடத்தைக் காலி பண்ணுன்னா பொட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

— பேனாவைக் குடுங்க. அந்தத் தாளையும் இப்படிக் குடுங்க.

— எதுக்குங்க... அட, என்னங்க மொத வரி பூராத்தையும் அடிச்சு எழுதறீங்க? அடடா, இருங்க... இந்த ‘ழ’... இது... அம்மணி, நீங்க யாருங்க?

— மில்லுக்காரர் சம்சாரம் ராமாமணிங்க பாய். இந்தத் தாளு இப்ப கல்லோட சரியா இருக்குது, கேட்டா என்னையக் கேக்கச் சொல்லுங்க. ஒம்பது வருசமா காருக்குள்ள இருந்து ‘வேலா, கேட்டைத் தொற’ன்னு கத்துனவ நான்தான். எங்க ஊட்டுக்காரரு சொல்லச் சொல்ல இதை எழுதுன கையும் இதுதான். அவுரு ‘அவர்கள்’ சொல்லல... எனக்கும் காதுல எதுவும் கொறையாத் தெரியலீங்க.