ப்ளாக் ஹாபர் மூன்றாம் பாகம்

மழை நாளில் எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அருமையாகக் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிருந்தாபனுக்கு லைன் கிடைக்கவில்லை, அதனால்தான் அவனுக்குச் செய்தி போகவில்லை என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அப்படியில்லை. அவனோடு நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த வாக்குமூலத்தை எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கு நீங்கள் சம்மதித்தது நல்லதாயிற்று, ஐயா. எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். பேசினால் உங்களுக்கும் நேரம் வீண், எனக்கும் தொண்டை வலி. எழுத்தில் நான் எங்கேயும் மாட்டிக்கொள்வதில்லை.

பிருந்தாபனும் ஷிராஸும் நானும் சேர்ந்து யூடியூபில் ஒரு சேனல் நடத்தினோம். புதிதாக வரும் வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் பேசுகிற சேனல். எது எப்போது வெளியாகிறது, எது தள்ளிப்போகிறது, எந்த கேம் நம் பழைய போனில் ஓடும், எது போனையே சூடாக்கிக் கெடுக்கும், இதுதான் பேச்சு. ஷிராஸுக்குக் கரவனெல்லையில் போன் திருத்தும் கடை. ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அங்கே உட்காருவோம். வர முடியாதவன் வீட்டிலிருந்து போனில் சேர்ந்துகொள்வான். பேசுவது பிருந்தாபன். அவன் வாயைத் திறந்தால் மூடமாட்டான். எங்கோ இங்கிலீஷில் வந்த செய்தி அவன் வாய்க்குள் புகுந்து நம் தோட்டத்துப் பேச்சாக வெளியே வரும், கேட்கிறவன் விழுந்து விழுந்து சிரிப்பான். நான் இடையிடையே கேள்வி கேட்பேன். "அப்பறம்?" என்பேன். "ஏன்?" என்பேன். சின்னச் சொற்கள் எனக்குச் சிக்குவதில்லை. எல்லாம் என் போனில் பதிவாகும். வெட்டி ஒட்டுவது ஷிராஸ்.

போன வருடம் ப்ளாக் ஹாபர் என்ற கேமின் மூன்றாம் பாகம் வரப்போவதாக அறிவித்தார்கள். இரண்டாம் பாகத்தை நாங்கள் மூன்று பேரும் ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி விளையாடி முடித்தவர்கள். இந்தச் செய்தியை நான் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு ஆசை. 'ப்ளாக்' என்ற இடத்திலேயே மாட்டினேன். ப், ப், ப் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். வழக்கமாக ஷிராஸ் அதை வெட்டிவிடுவான். அந்த முறை பிருந்தாபன் அதை என் போனிலிருந்து எடுத்து, பின்னால் தப்பு மேளச் சத்தம் சேர்த்துத் தனியாகப் போட்டுவிட்டான்.

"சும்மா தமாசுக்குத்தான்டா. நம்ம சேனல் இப்பதான் ஓடுது பாரு" என்றான்.

ஓடியது. தோட்டத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டால் ப், ப் என்றார்கள். பஸ்ஸில் யாருடைய போனோ அடித்தது, அந்தச் சத்தம் நான்தான். ரம்புக்கனையில் ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்கள மாத்தயா, "மே ஒயா நேத?" என்று, இது நீதானே என்று கேட்டு, தன் போனைத் திருப்பி என்னிடமே என்னைக் காட்டினார். ஒருமுறை செய்துகாட்டச் சொன்னார். செய்துகாட்டினேன். வேலை கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே நினைப்புத்தான், இவன் சாக வேண்டும். அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் அவனுக்கு எதிரே உட்கார்ந்து "அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுமை அதிகம்.

தோட்டத்து மண்சரிவுக் குழுவில் நான் இருப்பது உங்களுக்குத் தெரியும். மழை கூடினால் சிவப்பு எச்சரிக்கை எங்கள் போனுக்கு வரும். ஆளுக்கொரு லய வீட்டு வரிசை. என் பங்கு மலையை ஒட்டிய மேல் லயம். வீடு வீடாகப் போன் அடித்து ஆட்களைப் பாடசாலைக்கு இறக்க வேண்டும். திக்குவாயனுக்கு ஏன் இந்த வேலை என்று நீங்கள் நினைக்கலாம். மழை நேரத்தில் என் பெயரைப் போனில் பார்த்தாலே எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

அன்று ஷிராஸ் ஒரு கல்யாணத்துக்கு எம்பிலிப்பிட்டிய போயிருந்தான். கடைச் சாவி என்னிடம் இருந்தது. நான் கடைக்குப் போகவில்லை, அது பிருந்தாபனுக்குத் தெரியாது. மூன்றாம் பாகத்தின் ட்ரெயிலர் காலையில்தான் வந்திருந்தது. அவன் மேல் லயத்தில் தன் வீட்டுக் காம்பராவில் இருந்தான். தகரத்தில் மழை விழுகிற சத்தம் பதிவாகக் கூடாதென்று கதவைத் தாழ்ப்பாள் போட்டு, காதை முழுக்க மூடுகிற ஹெட்செட் மாட்டியிருந்தான். அவன் அம்மா குணேஸ்வரி காலையிலேயே கீழ் லயத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கை என் திரையில் விழுந்தது. அவனை ஹோல்டில் போட்டுவிட்டு மற்ற வீடுகளுக்கு அடித்தேன். எல்லோரும் இறங்கினார்கள். அவனைத் தனியாக அழைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை, ஏற்கனவே அழைப்பில் இருந்தான் அல்லவா. பிருந்தாபன் எங்கே என்று பாடசாலையில் அவன் பக்கத்து வீட்டுச் செல்லையா கேட்டார். அவனோடுதான் பேசுகிறேன் என்று போனைக் காட்டினேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

பாடசாலைச் சமையலறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அவன் அழைப்பை மறுபடி எடுத்தேன்.

"எங்கடா இருக்க? ஒரே சத்தமா கெடக்கு."

"க, க, கடையில."

"சரி, கேளு. அடுத்த வருசம் நவம்பருக்குத் தள்ளிட்டானுங்க. ஆனா ட்ரெயிலர்ல அந்தக் கப்பல் வருது பாத்தியா? மொதப் பாகத்துல முங்கிப்போன அதே கப்பல்டா."

"அப்பறம்?"

"வந்த அன்னைக்கே மூணு பேரும் ஷிராஸ் கடையில உக்காந்துருவோம். முடிக்காம எந்திரிக்கக் கூடாது." அதே மூச்சில் சொன்னான். "டேய், அந்தக் க்ளிப்ப எடுத்துர்றேன். அம்மா ஏசிக்கிட்டே இருக்கு. பாவம்டா நீ."

பாவம் என்றான். ஊரெல்லாம் சிரித்து முடித்த பிறகு அவனுக்கு நான் பாவம். எனக்குள் ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அந்தச் சொல்லோடு அதுவும் போயிற்று.

"அப்பறம்?" என்றேன்.

அப்போது, கீழ் லயத்து ஆட்களோடு பாடசாலைக்கு வந்திருந்த குணேஸ்வரி என்னைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தார். "அவன்கூடயா பேசுற மகனே? வந்துக்கிட்டு இருக்கானா?" தலையாட்டினேன். "சுறுக்கா வரச் சொல்லுப்பா. நீயும் நனையாம உள்ள வந்து இரு" என்றார். சிறிது நேரம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு மேல் லயத்துப் படியில் ஏறினார். அவரைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். கூப்பிட்டிருந்தால் முதல் எழுத்திலேயே மாட்டியிருப்பேன். இதை நீங்கள் கவனத்தில் எடுக்க வேண்டும்.

அவன் மைக் வழியாகக் கதவு தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. "தம்பி, கதவத் தொறய்யா" என்ற குரலும் கேட்டது. பிருந்தாபன் பேச்சை நிறுத்தினான்.

"யாரோ தட்டுற மாதிரி இருக்குடா. எங்க ஊட்டுலயா?"

"இல்ல, இது என் பக்கம். கடைக்கு ஆள் வந்திருக்கு. நீ சொல்லு" என்றேன்.

அவன் சொன்னான். கப்பலை எப்படி மேலே கொண்டுவந்திருப்பார்கள் என்று தனக்குத் தோன்றியதை ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போனான். தட்டுவது நிற்கவில்லை. ஒரு வார்த்தை பாதியில் இருக்கும்போது எல்லாச் சத்தமும் ஒன்றாக நின்றது. அதற்குப் பிறகுதான் பாடசாலைத் தரை அதிர்ந்தது, ஆட்கள் அலறினார்கள். நான் பதிவை நிறுத்தி, தேதி போட்டுச் சேமித்தேன்.

மலையை நான் தள்ளவில்லை, ஐயா. ஆனாலும் அவனைக் கொன்றது நான்தான். அவன் அம்மாவையும்தான், அதை எழுதாமல் விட்டால் கணக்கு சரியாக இருக்காது.

கருமாதியன்று அவன் கடைசியாகப் பேசியதைச் சேனலில் போடவேண்டுமென்று ஷிராஸ் அழுதுகொண்டே பதிவைக் கேட்டான். முழுவதையும் அனுப்பிவைத்தேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் ஓடிவந்திருக்கிறான். அவனிடம் நீங்கள் ஒன்று சொல்லவேண்டும், எனக்கு வேறு வேண்டுகோள் இல்லை. எதை வெட்டினாலும் அந்த இடத்தை மட்டும் வெட்டவேண்டாம். 'இல்ல' என்பதிலிருந்து 'நீ சொல்லு' வரை நான் ஒரு எழுத்தில்கூடத் திக்கவில்லை. அதையும் ஊர் கேட்கட்டும்.