இரண்டு இஞ்ச் கூட்டித் தைத்த பிளவுஸ்

“பிளவுஸ ரெண்டு இஞ்ச் கூட்டித் தைக்கச் சொல்லிட்டேன்க்கா. இப்பப் போய் மாத்திரைய நிறுத்த முடியாது.”

மலேசியாவில், ஸ்கூடாயில் ஒரு கிளினிக். மழை பெய்தும் புழுக்கம் விடாத காலை. எனக்கு முன் நாற்காலிகளில் அக்காவும், மூன்று வாரத்தில் கல்யாணம் வைத்திருக்கும் தங்கையும்.

“என்னடி மாத்திரை?”

“மார்பு எடுப்பாத் தெரியுமாம். ஆன்லைன்ல வாங்குனேன். வெறும் மூலிகைதான் லா.”

“அலமாக்! அதுக்கப்புறந்தானே மாசத்துல ரெண்டு தடவ பீரியட் வருது? நேத்து பாத்ரூம்ல மயங்கி விழுந்த!”

தங்கை, கிளினிக்கில் நிரப்பச் சொல்லிக் கொடுத்த பாரத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“பாரத்துல என்ன எழுதுன?”

“மருந்து எதுவும் சாப்பிடலன்னு. மூலிகையெல்லாம் மருந்தாக்கா?”

“குடு இங்க.”

அக்காவின் பேனா தாளைக் கிழிப்பதுபோல் ஓடியது. “அந்த பாட்டிலையும் எடு. கையில வச்சுக்க.”

கதவு திறந்தது. தங்கையின் எண்ணை இரண்டு முறை கூப்பிட்டார்கள். நாற்காலியின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தாள்.

“பிளவுஸ் தொளதொளன்னு நிக்கும்க்கா. மேடையில எல்லாரும் பாப்பாங்க.”

“தையக்காரம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போய் டாக்டர்கிட்ட சொல்லு.”