ஐந்து பேருக்கு மட்டும்

எனக்குக் கதைப் புத்தகம் படிக்கும் பொறுமை கிடையாது. இருந்தும் அந்த செக் நாட்டு காமிக்ஸைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். மொழி தெரியாவிட்டாலும் படங்கள் புரிந்தன. ஐந்து பையன்கள், ஒரு கிளப், ஒரு கொடி.

புத்தகத்தை அமெரிக்காவில் எங்கள் ஊரான டப்ளினுக்குக் கொண்டுவந்தவன் சபரி. அவன் அப்பா ஜம்புநாதன் பிராக் நகரில் நான்கு வருஷம் இருந்துவிட்டு இங்கே என் டீமில் சேர்ந்தவர். சபரி எங்கள் தெருப் பையன்களுக்கு அந்தக் கதைகளைச் சொல்லப்போய், ஐந்து பேராக அவன் வீட்டு கராஜில் கிளப் தொடங்கிவிட்டார்கள். என் மகன் பிரணவ் ஆறாவது ஆள். பத்து வயதுக் குழந்தை, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பான். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒருநாள் நானே போய்க் கேட்டேன்.

"சாரி ஆன்ட்டி, புக்லயே அஞ்சு பேர்தான்," என்றான் சபரி. "யாராவது மூவ் பண்ணிட்டா பிரணவ்தான் நெக்ஸ்ட். ப்ராமிஸ்."

மரியாதையான பையன். வழியையும் அவனே சொன்னான்.

அடுத்த மாதம் டீமில் ஒருவரைக் குறைக்கச் சொன்னார்கள். வேலையே செய்யாத ஒருவர் இருந்தார். ஆனால் அவர் சிட்டிசன், வேலை போனாலும் ஊரைவிட்டுப் போக மாட்டார். ஜம்புநாதன் விசாவில் இருந்தார். அறுபது நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். அவர் பெயரை எழுதினேன்.

அவருடைய சின்னப் பெண் ரக்ஷாவுக்கு ரத்தப் புற்றுநோய். எனக்குத் தெரியாதா என்ன, வியாழக்கிழமைதோறும் அவர்கள் வீட்டுக்கு ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான்.

"காமாக்ஷி, ஒரு நாலு மாசம் தள்ளிப் போட முடியுமா? ரக்ஷாவோட கீமோ முடிஞ்சிடும்," என்றார்.

"என் கையில ஒண்ணும் இல்ல ஜம்பு."

அழுதார். பாவமாகத்தான் இருந்தது.

ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் குபெர்டினோவில் ஒரு கம்பெனி அவரை எடுப்பதாக இருந்தது. போனில் என்னிடம் விசாரித்தார்கள். கெட்டிக்காரர், ஆனால் அடிக்கடி லீவு போடுவார் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அந்த வேலையும் கிடைக்காமல் ஜம்பு குடும்பத்தோடு திருச்சிக்குக் கிளம்பினார். சிகிச்சை நடுவில் விட்டுப்போனது. ஊர் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம் ரக்ஷா இறந்துவிட்டாள். தெரு வாட்ஸ்அப் குழுவில் முதலில் இரங்கல் எழுதியது நான்தான்.

இடம் காலியானது. கிளப் வேறொரு பையன் வீட்டு கராஜுக்கு மாறியது. சொன்ன சொல் தவறாமல் பையன்கள் வந்து கூப்பிட்டார்கள். பிரணவ் அறைக் கதவைத் திறக்கவில்லை.

"அது சபரியோட ஸ்பாட். ஐ டோன்ட் வான்ட் இட், அம்மா," என்றான் உள்ளிருந்தே. பள்ளியில் அவனோடு பேசியதே சபரி ஒருவன்தானாம்.

குழந்தைதானே, சபரியின் இடம் என்றால் உறுத்தத்தான் செய்யும். வேறொருவன் இடம் என்றால் சேர்ந்துவிடுவான். கிளப்பில் இருக்கும் இன்னொரு பையனின் அப்பா கருப்பசாமி. அவரும் என் டீம்தான், அவரும் விசாவில்தான் இருக்கிறார். டீமில் இன்னொருவரைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், நேற்று அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரணவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவான்.