ஆயில் வடியிற வரைக்கும்

— இஞ்சின நிறுத்தாத மேஸ்திரி. இன்னும் ரெண்டு நிமிசம் ஓடட்டும். சூடாவாம எறக்குனா அடில கீற கசடு அங்கியே தங்கிடும்.

— இருபது வருசமா இந்தத் தொழிலு பண்ணிகினு கீறேன் இன்னாசி. எனக்கே சொல்லித் தர்றியா?

— தருவேன். ரெண்டு வருசம் முன்ன ஒன்னிய நம்பி என் டாக்சிய இங்க வுட்டுட்டு வூட்டுக்குப் போனேன். இனிமே எது செஞ்சாலும் நான் கண்ணால பாக்கணும்.

— அவ்ளோ நம்பிக்க இல்லாதவன் இன்னாத்துக்கு இங்க வந்த? திருவொத்தியூர்ல வேற ஷெட்டே இல்லியா?

— என் வண்டியா இருந்தா இந்தப் பக்கம் தல வெச்சிப் படுப்பனா? நான் இப்போ சம்பளத்துக்கு ஓட்றவன். ஆபீசரு மணலிக்குப் புச்சா வந்தவரு. கோதண்டம்னா கை சுத்தம்னு யாரோ அவரு காதுல ஓதிட்டான். அங்கியே வுடுன்னு சொல்லிட்டாரு. கை சுத்தமாம். கேட்டுட்டு சிரிச்சேன்.

— சிரி. சிரிச்சிட்டு இஞ்சின நிறுத்து. நான் அடில பூர்றேன்.

— இரு. மொதல்ல புது ஆயில் டின்ன காட்டு.

— தோ பாரு. டின்னு, பில்டரு, வாஷரு, எல்லாம் ஒன் காலாண்ட தான் கீது. டின்ன நீயே பிரி.

— நாந்தான் பிரிப்பேன். கப்பல்லேர்ந்து எறங்குற பழைய ஆயில டின்ல ஊத்தி வித்துகினு கீறானுங்க. ஆபீசரு சம்சாரம் நெறமாசம். எந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்கு எடுன்னு சொல்லுவாங்களோ தெரியாது. இன்னொரு வாட்டி நடுரோட்ல நிக்க என்னால ஆவாது.

— கப்பல் ஆயிலு என் ஷெட்டுக்குள்ள வராது.

— வராது. ஒன் ஷெட்டுல வேற மாரி நடக்கும். ஆயில எறக்கிட்டு, புச்ச ஊத்தாம, வண்டிய அனாதையா வுட்டுட்டு டீ குடிக்கப் பூடுவீங்க.

— மாதா கோயில் வாசல்ல சொன்ன. டாக்சி ஸ்டாண்டுல சொன்ன. டீக்கடைல என் மூஞ்சிக்கு நேராவே கொலகாரன்னு சொன்ன. ஒரு வாட்டியாவது பதில் பேசுனனா நானு?

— பேசறதுக்கு ஒன்கிட்ட இன்னா கீது? எம்பொண்ணு ஃப்ளோராவுக்கு ஆறு வயசு மேஸ்திரி. மத்தியானம் கஞ்சி குடிச்சிகினு இருந்தவளுக்கு வலிப்பு வந்துது. வாயில நொர. தோள்ல போட்டுகினு இங்க ஓடியாந்தேன், எம்பொண்டாட்டி சிலுவை பின்னால கத்திகினே வந்தா. ஷெட்டுல ஒரு ஆளு இல்ல. வண்டி ரோட்டோரம் நிக்குது, சாவி தொங்குது. காத்தால வுட்ட வண்டி, வேல முடிஞ்சிருக்கும்னு எட்த்துகினு பூட்டேன்.

— ஆயில் லைட்டு எரிஞ்சிருக்குமே. பாக்கலியா?

— புள்ள மூஞ்சியப் பாப்பனா, லைட்டப் பாப்பனா?

— கேட்டது தப்பு. வுடு.

— டோல்கேட்டாண்ட இஞ்சினு இறுகிப் போச்சி. பஸ்சு இல்ல, ரிச்சா இல்ல. தூக்கிகினு ஓடுனேன். ராயபுரம் ஸ்டேசன் தாண்டறதுக்குள்ள கழுத்து தொங்கிடிச்சி. அந்தண்ட போயி ஆஸ்பத்திரில காட்டுனதெல்லாம் சும்மா. சிலுவை அன்னிலேர்ந்து எந்த வண்டிலயும் ஏற்றதில்ல. பூசைக்குப் போனாலும் நடந்து தான் போவா. டாக்சிய வந்த வெலைக்குத் தள்ளிட்டேன்.

— தெரியும்.

— ஒனக்கு ஒரு எழவும் தெரியாது.

— சரி, தெரியாது. ஆயில அடைக்கிற அடி போல்ட்டு கயண்டுது பாரு. நீ சொன்னாப்ல சூடா தான் வுழுது. போதுமா?

— கடைசி சொட்டு வரைக்கும் வடியணும். அவசரப்பட்டு மூடக் கூடாது.

— கா மணி நேரம் ஆவும். குந்து. இந்தா, இந்த போல்ட்ட கந்தல்ல தொடச்சி டிரைவர் சீட்டு மேல வையி.

— சீட்டு மேலயா? கலீஜாயிடும், ஆபீசரு திட்டுவாரு. அடிலயே வெச்சிக்கயேன்.

— சீட்டு மேல தான் வெக்கணும். ஆயில் எறக்குன வண்டிக்கு அதான் அடையாளம். தெரியாம எவனாவது ஏறி குந்துனா குத்தும். இன்னாடா இதுன்னு கைல எட்த்துப் பாப்பான். வண்டில ஆயில் இல்லன்னு புரியும். போல்ட்டு சீட்டு மேல இருந்தா சாவியத் தொடக் கூடாது. இது இந்த ஷெட்டு பழக்கம்.

— எப்பேர்ந்து?

— ஷெட்டு போட்ட நாள்லேர்ந்து. என் தம்பி வரதன் கொண்டாந்தது. நானாவது எப்பனாச்சும் மறப்பேன், அவன் மறக்க மாட்டான். அப்டி தான் நெனச்சிகினு இருந்தேன்.

— என் டாக்சில ஆயில் எறக்குனது யாரு? நீயா, அவனா?

— அவன் தான். நான் எண்ணூர்ல ஒரு லாரியப் பாக்கப் போயிருந்தேன். ஒன் வண்டிக்கு பில்டரு இல்ல, வாங்கியாரேன்னு கடைக்குப் போயிருக்கான். டீ குடிக்க இல்ல. நீ சொல்றப்போலாம் அத சொல்லணும்னு நாக்கு வரைக்கும் வரும்.

— சொல்லியிருக்கலாமே.

— சொல்லி? எம்மேல தப்பில்ல, என் தம்பி தான்னு ஊரு நடுவுல காட்டிக் குடுக்கவா? வெளிய பழிய நான் வாங்கிகினேன். உள்ள அவன அடிச்சேன்.

— ஏன் அடிச்ச? பழக்கப்படி வெச்சிருப்பான் இல்ல?

— அதான் அவனும் சொன்னான். போல்ட்ட சீட்டு மேல வெச்சிட்டு தாண்ணா போனேன், அம்மா மேல சத்தியம்னான். ஒன் வண்டியக் கட்டி இழுத்தாந்து நானே தேடுனேன் இன்னாசி. சீட்டக் கயட்டுனேன். கால்மிதி மேட்டத் தூக்குனேன். டிக்கி வரைக்கும் பாத்தேன். இல்ல. ஷெட்டுலயும் இல்ல. எங்கியோ தொலச்சிட்டு, பெத்தவ மேல பொய் சத்தியம் பண்றான்னு செவுள்ல வுட்டேன். வெளிய போடான்னேன்.

— இப்போ எங்க கீறான்?

— ஆர்பர்ல மூட்ட தூக்குறான். தெனம் இந்த ரோட்ல தான் போறான், தலையத் தூக்காம. போன ஐப்பசில அம்மா செத்துது. பெத்தவளுக்கு எளையவன் தான் கொள்ளி வெக்கணும். எதிர்சாரில வேட்டி கட்டிகினு வந்து நின்னான். நான் வுடல. ஒரு புள்ளையக் கொன்ன கை எங்கம்மாவுக்குக் கொள்ளி வெக்க வாணாம்னேன். பொணம் தாண்டிப் போற வரைக்கும் நின்னு பாத்துட்டு பூட்டான்.

— ஏசுவே.

— இன்னாத்துக்கு அந்த போல்ட்ட கைல வெச்சி எட பாத்துகினு கீற? போல்ட்ட கீழ போட்றாத, மரை கெட்டுடும்.

— மேஸ்திரி, என் டாக்சி போல்ட்டும் இதே மாரி தான் இருக்குமா? இவ்ளோ தான் கனமா?

— அதுவும் அம்பாசிடரு, இதுவும் அம்பாசிடரு. அதே போல்ட்டு தான். ஏன்?

— ஒருத்தருக்கு வலிப்பு வந்தா நம்ம ஆளுங்க மொதல்ல இன்னா செய்வாங்க?

— கைல இரும்பு குடுப்பாங்க. சாவிக்கொத்து, அருவாமன, இன்னா ஆப்டுதோ அது. இத ஏன் இப்போ கேக்கற?

— சிலுவை அதத் தான் கத்திகினே வந்தா. புள்ள கைல இரும்பு குடுய்யா, இரும்பு குடுய்யான்னு. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. சாவி வண்டில சொருவிக் கீது, அத உருவிட்டா எப்டி ஓட்றது? கதவத் தொறந்தேன்.

— இன்னாசி.

— ஆண்டவரே எட்த்து வெச்சாப்ல இருந்துது. இன்னா ஏதுன்னு கூடப் பாக்கல. சீட்டு மேலேர்ந்து எட்த்தேன், புள்ள கைல திணிச்சேன், சாவியத் திருப்புனேன். கெட்டியா புடிச்சிகினா மேஸ்திரி. அப்பா குடுத்ததுன்னு நெனச்சாளோ இன்னாவோ.

— சொல்லு இன்னாசி. அந்த போல்ட்டு இப்போ எங்க?

— செத்த அப்பால அந்த வெரல யாராலயும் பிரிக்க முடியல. சிலுவை அது மேலயே செபமாலையச் சுத்திட்டா. வரதன் பண்ணது பொய் சத்தியம் இல்ல. நீ தேடுன போல்ட்டு கல்லறைல, ஃப்ளோரா கைக்குள்ள கீது.