நான்கு மடங்கு

எங்கள் ஆய்வகத்தில் நாலரை மணிக்கு எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். எனக்கு டீ ஒத்துக்கொள்ளாது, நெஞ்செரிச்சல். அதனால் நான் மட்டும் உள்ளே இருப்பேன். விசாரணைக் கமிட்டியார் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சந்தாபுரா பக்கத்து வயல் மண்ணில் கிடைத்த பாக்டீரியா அது. மற்ற கிருமிகளைக் கொல்ல ஓர் ஆன்டிபயாட்டிக்கைச் சுரக்கும். அதைச் சுரக்கவைக்கும் மரபணு எது என்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதினேன், விருதும் கிடைத்தது. என் ஆராய்ச்சி மாணவி பியாட்ரிஸ் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தாள். சுரப்பு நிற்கவில்லை, நான்கு மடங்கானது. நான் சாவி என்றது பூட்டாம்.

"சார், உங்க பேப்பர் உல்டாவா இருக்கும் போலிருக்கு" என்றாள், மெதுவாக. மரியாதை தெரிந்த பெண்.

திரும்பச் செய்யச் சொன்னேன். விஞ்ஞானத்தில் அதுதான் முறை. மரபணு உள்ளது, நீக்கியது என்று குடுவைகளில் லேபிள் ஒட்டிவிட்டு அவள் டீக்குப் போவாள். நான் லேபிள்களை மாற்றி ஒட்டுவேன். எல்லா நாளும் அல்ல. எல்லா நாளும் மாற்றினால் அதுவே ஓர் ஒழுங்காகிவிடும், கெட்டிக்காரி, பிடித்துவிடுவாள்.

மூன்று வருடம் போயிற்று. ஒருநாள் வந்த முடிவு மறுநாள் வராததால் அவள் தன் கையையே சந்தேகிக்கத் தொடங்கினாள். ஃப்ரேசர் டவுனிலிருந்து அவள் அப்பா கில்பர்ட் என்னைப் பார்க்க வந்தார்.

"கையக் கழுவிக்கிட்டே இருக்கா வெங்கட் சார். தோலு உரிஞ்சிபோச்சு. நாங்க சொன்னா கேக்கமாட்டேங்கிறா. நீங்க சொன்னா கேப்பா" என்றார்.

சொன்னேன். இன்னும் ஒரு தடவை செய்து பார்க்கச் சொன்னேன்.

புதிதாக வைத்த கேமராவில் தெரிவது நான்தான். மறுக்கவில்லை. ஒரு வழிகாட்டி தன் மாணவியை நிதானப்படுத்த எடுத்துக்கொண்ட சிரமம் என்று அதைப் பார்க்கலாம். கேமரா இருப்பது தெரிந்தபின், கடைசி இரண்டு மாதம் நான் எதையும் தொடவில்லை. பதினொரு தடவையும் நான்கு மடங்கு பிசகாமல் வந்தது. அவள்தான் நம்பவில்லை. குடுவைகளைக் கொதிநீராவியில் வைத்து அழித்தாள். குறிப்பேடுகளைக் கிழித்துப் போட்டாள். என் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம்.

சரியாக வந்த முடிவை அழிப்பது நிறுவன விதிப்படி குற்றம். என் முப்பது வருட சர்வீஸில் நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.