நாலாவது பட்டன்

தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டால் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுகிற ஆள் நான். என்னைச் சண்டைக்காரன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன். நடந்ததற்குக் கலியாண மண்டபத்து மின்சாரம்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். மெசின் பிழை என்கிறான் பாலேந்திரா. மாப்பிள்ளையின் சாதகத்தில் சனி என்று ஐயர் சொன்னதாகக் கேள்வி. மெசினுக்குப் பக்கத்தில் இருந்தது யார் என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். நான்தான் இருந்தேன்.

லண்டனில், ஸ்ட்ரெதமில் கணேசலிங்கத்தாரின் வீட்டு மேல்மாடியில், முன்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். அதற்கு முன் ஜெர்மனியில் ஒரு ஜாஸ் கிளப்பில் கோப்பை கழுவினேன். எங்கள் ஆட்களில் கோப்பை கழுவாதவர் குறைவு. எனக்கு வாய்த்த குசினியின் பின்சுவரில் மேடை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஜாஸ் எனக்குள் வந்தது சுடுதண்ணீர் ஆவியோடும் சவர்க்கார மணத்தோடும்தான்.

அங்கிருந்து கொண்டுவந்த ஒரு இசைத்தட்டு என்னிடம் இருக்கிறது. அதன் இரண்டாம் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு நிற்கிற பேஸ் வாத்தியத்தை ஒருவர் தனியாக வாசிப்பார். சின்னதாக ஒரு துண்டுதான். வாசித்து முடித்து ஒரு மூச்சு இழுப்பார். பிறகு ஒன்றும் இருக்காது. ஒருவரும் ஒன்றையும் வாசிக்கமாட்டார்கள். மனிதருக்குப் பயம் வருகிற அளவுக்கு அந்த ஒன்றுமில்லாதது நீளும். அதற்குப் பிறகுதான் ட்ரம்பெட். அந்த இடைவெளிக்காகவே நான் தட்டை வைத்திருக்கிறேன். பேஸ் அதற்குப் போகிற வழி.

ஒரு பின்னேரம் தட்டு ஓடிக்கொண்டிருக்க, வீட்டுக்காரரின் மகன் பாலேந்திரா என் கதவைத் தட்டினான். பகலில் கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிற பிள்ளை. வேலை முடிந்து வந்தால் அவனுடைய அறை தொண்ணூறாம் ஆண்டு நியூயோர்க் ஆகிவிடும். இந்த பேஸ் தனக்குத் தெரியும் என்றான். கூட்டிக்கொண்டு போய் ஒரு பழைய ஹிப் ஹொப் பாட்டைப் போட்டுக் காட்டினான். யாரோ ஒரு பையன் தன் தெருவைப் பற்றி வேகமாகப் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே என்னுடைய பேஸ் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டு, அந்த மூச்சு, உடனே மறுபடியும் அந்தத் துண்டு, அந்த மூச்சு. இடைவெளியைக் காணவில்லை. வெட்டி எறிந்திருந்தார்கள்.

பாலேந்திரா நல்லபடியாகத்தான் விளக்கினான். அந்தக் காலத்துப் பையன்கள் பழைய தட்டுக் கடைகளில் முழங்காலில் நின்று, ஒருவரும் வாங்காத ஜாஸ் தட்டுகளைத் தோண்டி எடுத்தார்களாம். நல்ல துண்டை வெட்டி வளையமாக ஓடவிட்டார்களாம். செத்ததற்கு உயிர் கொடுத்தவர்கள் என்றான். இடைவெளியைத்தான் வெட்டினார்களே, பிறகு ஏன் மூச்சை மட்டும் விட்டுவைத்தார்கள் என்று கேட்டேன்.

"அந்த மூச்சு இல்லாட்டி பீட் விழாது அண்ணை," என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தட்டை இரவல் கேட்டபோதும் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்தேன்.

அவனுடைய தங்கை றொஷானிக்கும் தர்சிகனுக்கும் கலியாணம் வைத்திருந்தார்கள். கம்பஸில் படிக்கும்போது ஒருவரையொருவர் பிடித்து, வீட்டாரைச் சம்மதிக்க வைக்க வருடக்கணக்காகக் காத்திருந்த பிள்ளைகள். முதலில் வைகாசியில் நாள் பார்த்தார்கள். ஊரில் போர் முடிந்த அந்த வைகாசியில் எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் மேளம் கேட்கிற மனம் இருக்கவில்லை. ஐப்பசிக்குத் தள்ளினார்கள். அந்த நாளில் மேளக்காரருக்கு வேறு கலியாணம். அப்போது பாலேந்திரா, பாட்டுத் துண்டுகளை வெட்டி ஓடவிடுகிற தன் மெசினில் தானே மேளம் செய்து தருகிறேன் என்றான். தாய் தகப்பனின் கலியாணக் கசெற்றில் இருந்து தவிலையும் நாதஸ்வரத்தையும் வெட்டி, ஒரு கெட்டிமேளம் கட்டினான். கலியாணத்துக்கு முதல்நாள் அதை எனக்குப் போட்டுக் காட்டினான். தவிலுக்கு அடியில் என்னுடைய பேஸ். அந்தத் துண்டு, அந்த மூச்சு, அந்தத் துண்டு.

"உங்கட ஆளும் கலியாணத்துக்கு வாறார் அண்ணை," என்று சிரித்தான். எனக்குச் செய்கிற மரியாதை என்றே அவன் நினைத்தான். இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மாப்பிள்ளைத் தோழனாக இருப்பது பெண்ணின் தம்பி தமையன் என்பது எங்கள் வழக்கம். ஆகவே அவன் தலைப்பாகையோடு மணவறையில் இருக்கவேண்டும். மெசினுக்கு ஒரு ஆள் வேண்டும். சத்தம் போடாத, நடுவில் எழுந்து போகாத ஆள். என்னைக் கேட்டான்.

"ஐயர் கெட்டிமேளம் எண்டு கையைக் காட்டினா, இந்த நாலாவது பட்டனை அமத்துங்கோ. வேற ஒண்டும் செய்யத் தேவையில்லை."

மண்டபம் நிறைந்த சனம். ஐயரின் சால்வையில், கழுத்துக்குக் கிட்ட ஒரு சின்ன மைக் குத்தியிருந்தது. றொஷானி கூறைச் சேலை மாற்றிக்கொண்டு வந்து இருந்தாள். எல்லாருடைய கையிலும் வாழ்த்திப் போடுகிற அறுகரிசி. தர்சிகன் தாலிக்கொடியைத் தூக்கினான். ஐயர் கையைக் காட்டி, கெட்டிமேளம் என்றார்.

நான் விரலைப் பட்டனின் மேல் வைத்தேன். மெத்தென்று இருந்தது. அமத்தவில்லை.

இதைக் குற்றம் என்று சொல்வீர்களானால், நான் என்ன செய்தேன் என்று சொல்லுங்கள். ஒன்றும் செய்யவில்லை.

மேளம் கேட்காததால் ஒருவரும் அரிசி போடவில்லை. தர்சிகன் கொடியைப் பிடித்தபடி, பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவனைப் போல நின்றான். பாலேந்திரா தலைப்பாகைக்குக் கீழிருந்து என்னைப் பார்த்து நாலு விரலைக் காட்டினான். நான் தலையாட்டினேன். ஐயர் மறுபடியும் கெட்டிமேளம் என்றார், இந்த முறை கொஞ்சம் கெஞ்சலாக. பிறகு அவரும் பேசாமல் இருந்துவிட்டார். ஒரு குழந்தைகூட அழவில்லை. இத்தனை தமிழர் ஒரு கூரைக்குக் கீழே இப்படி இருந்ததை நான் கண்டதில்லை. மிக அழகாக இருந்தது.

தாலி ஏறுகிற நேரத்தில் எந்தக் கலியாணத்திலும் யாராவது எதையாவது சொல்லத்தான் செய்வார்கள். அது காதில் விழக்கூடாது என்றுதான் மேளம். மாப்பிள்ளையின் தாய் ஐயருக்குப் பின்னால் நின்றா. பக்கத்தில் நின்ற சகோதரியிடம், மேளம் எப்படியும் வந்து மூடிவிடும் என்ற நம்பிக்கையில் சொன்னா. ஐயரின் மைக் அதை மண்டபம் முழுவதற்கும் சொன்னது.

"கூறை வடிவாத்தான் இருக்கு. பிடிக்காட்டி அதைக் கடையில மாத்தலாம். பெட்டையை மாத்த ஏலாதே."

றொஷானி திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. கடையில் ஒரு சாமானின் விலையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"ஏலும் மாமி."

எழுந்தாள். மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்தாள். நடந்து போனாள்.

அவள் மண்டபத்தின் நடுவுக்கு வந்தபோது நான் பட்டனை அமத்தினேன். ட்ரம்பெட் வரவேண்டிய இடம் அதுதான். கெட்டிமேளம் முழங்கியது. சனம் பழக்கத்தில் அறுகரிசியைப் போட்டது. பாதி வெறும் கதிரையில் விழுந்தது. மீதி தர்சிகனின் தலையில்.

ஒருவரும் பசியோடு வீட்டுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பாயாசம் நன்றாக இருந்தது.

பாலேந்திரா என் அறைக்கு வந்து நிலத்தில் இருந்து அழுதான். பட்டனுக்கும் சத்தத்துக்கும் இடையில் மெசின் பிந்திவிட்டது என்றான். தான் கட்டிய மேளமே தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டது என்றான். நான் அவனுடைய தோளில் கையை வைத்தபடி பேசாமல் இருந்தேன். சில நேரங்களில் பேச்சு ஒரு உதவியும் செய்யாது. என் தட்டைத் திருப்பித் தந்தான். மெசினைக் கவுன்சில் குப்பைக் கிடங்கில் எறிந்துவிடச் சொல்லித் தந்தான். அன்றிலிருந்து அவனுடைய அறையில் பாட்டு இல்லை.

தர்சிகன் கனடாவுக்குப் போய்விட்டானாம். அவன் அனுப்புகிற கடிதங்களை றொஷானி பிரிப்பதில்லை. அவள் வேலைக்கும் போவதில்லை, கீழே குசினியில்தான் இருக்கிறாள். பின்னேரத்தில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பவளும் அவள்தான். சீனி கூட. நான் ஒன்றும் சொல்வதில்லை.

மெசினை நான் எறியவில்லை. நல்ல சாமான். வீடியோ எடுத்த யாக்கோப்புவிடம் அந்தப் பகுதியின் பிரதி ஒன்று கேட்டு வாங்கினேன். ஐயரின் குரலுக்குப் பிறகு, மாமியாரின் குரலுக்கு முன், நடுவில் உள்ளதை மட்டும் வெட்டி எடுக்கப் பழகினேன். இந்த வயதில் அது லேசான வேலை இல்லை. இப்போது அது வளையமாக ஓடுகிறது, முடிகிற இடம் தெரியாமல். பின்னேரங்களில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறேன். அந்தப் பையன்கள் செய்தது களவு. நான் செய்திருப்பது வேறு.

வேண்டுமானால் நீங்களும் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் யாரோ மூச்சு இழுப்பது கேட்கும். அது றொஷானி, கொடி கழுத்தில் ஏறப்போகிறது என்று நினைத்து இழுத்த மூச்சு. அதை எடுத்துவிடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். அது இல்லாவிட்டால் பீட் விழவில்லை.