யாரும் எழுந்து நிற்க வேண்டாம்

கிராம முன்னேற்றச் சங்கத் தலைவர் அவர்களே, விதானையார் அவர்களே, பங்குச் சுவாமி அவர்களே, மண்டபம் நிறைந்திருக்கும் தாய்மாரே, சகோதரர்களே! வாசற்படி ஏற முடியாமல் வெளியே முற்றத்தில் இருக்கும் என் தோழர்களே! உங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக வாசலைப் பார்த்தே பேசுகிறேன். மேடையில் உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் இரு கரம் கூப்பி வணங்கினார்கள். கடல் தொழில் இல்லாத நாட்களில் கூலிக்குப் போன நெல் ஆலையின் பெல்ற் என் வலது கையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இருக்கிற கையால் வணங்குகிறேன். அரை வணக்கம் என்று எவரும் எண்ண வேண்டாம். ஒரு கையால் வணங்கினாலும் முழு வணக்கந்தான் என்று எனக்கு அடித்துச் சொன்னவர்தான் இன்று எம்மிடையே இல்லாத தையல் ஆசிரியை செல்வி விமலேஸ்வரி அவர்கள்.

யார் இந்த விமலேஸ்வரி? யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுக் குடியேற்றத்துக்கு வயல் செய்ய வந்த ஒரு கமக்காரரின் மகள். எங்கள் தண்ணீரூற்று ஊர்ப் பெண்களுக்குத் தையல் பழக்க நியமிக்கப்பட்டவர். சட்டை வெட்டப் பழக்கிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். போனாரா? இல்லை!

அவருடைய வகுப்புக்கு நேசமலர் வந்தார். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் வலுவிழந்தவர். தகப்பன் தூக்கி வந்து பாயில் இருத்தினார். காலால் மிதிக்காமல் தையல் மிசின் ஓடுமா? ஓடாது, இந்தப் பிள்ளை பொத்தான் கட்டட்டும் என்று சுற்றி நின்றவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆசிரியை அந்தத் தீர்ப்பைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. பழைய சைக்கிள் ஒன்றின் மிதியைக் கழற்றினார். கொல்லரைப் பிடித்து அதை மிசினின் சில்லிலே கைபிடியாகப் பூட்டுவித்தார். நேசமலர் வலது கையால் சுழற்றினார், இடது கையால் துணியைத் தள்ளினார். விதானையார் அவர்கள் இப்போது போட்டிருக்கும் சட்டை நேசமலர் தைத்தது.

அந்த நாட்களில் நான் கையை இழந்து, கடலுக்கும் போக முடியாமல், சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தேன். ஆசிரியை தேடி வந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மரியநேசன், நடக்கேலாத பிள்ளை கையால தைக்குது. உங்களுக்குக் கால் ரெண்டும் நல்லாத்தானே கிடக்கு. வந்து மிசினை மிதியுங்கோ" என்றார்.

கடற்கரைக்காரன் தையல்காரன் ஆனேன். வெட்டும்போது துணியைப் பிடிக்க மற்றக் கைக்கு எங்கே போவது என்று கேட்டேன். ஸ்திரிக்கைப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு வெட்டச் சொன்னார். அவ்வளவுதான் விஷயம்.

முற்றத்தில் இருக்கிறாரே வீரகத்தி அண்ணர், குடியேற்றத்துக்குக் காடு வெட்டும்போது மரம் விழுந்து நடை இழந்தவர். அவருக்காக இரண்டு பழைய சைக்கிளையும் உட்கார ஒரு கதிரையையும் சேர்த்து, கையால் மிதி சுற்றி ஓட்டும் முச்சக்கர வண்டி செய்தார் ஆசிரியை. முதற் பயணம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு. தன் வயலில் விளைந்த புது அரிசியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணர் புறப்பட்டார். வழியில் வண்டி மணலில் புதைந்தது. பாவம், பாவம் என்று சனம் ஓடிவந்து தூக்கப் போனது. தூக்கக் கூடாது, தள்ளலாமா என்று முதலில் அவரைக் கேளுங்கள் என்று ஆசிரியை மறித்தார். ஒருவழியாகக் கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே யாரோ ஒரு புண்ணியவான், அண்ணர் பிச்சைக்கு இருக்கிறார் என்று எண்ணி, அந்தப் புது அரிசிமேல் சில்லறையைப் போட்டுவிட்டுப் போனார்.

பொங்க வந்த மனிதனுக்குப் பிச்சை! சபையோரே, அது எப்படிச் சுட்டிருக்கும்? இனி வெளியே வரவே மாட்டேன் என்று அண்ணர் வீட்டுக்குள் இருந்துவிட்டார். ஆசிரியை கண்ணீர் விட்டாரா? விடவில்லை. மோட்டார் சைக்கிளின் அகலச் சில்லுகளையும் ஒரு சைக்கிள் மணியையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார்.

"மணலுக்குச் சில்லு. சனத்துக்கு மணி. பாவம் எண்டு ஆரும் கிட்ட வந்தால் அடியுங்கோ" என்றார்.

அன்றிலிருந்து, ஆசிரியை தையலும் வண்டி வேலையும் நடத்திய எங்கள் கொட்டிலில் செய்த எந்த வண்டியும் மணியில்லாமல் வெளியே போனதில்லை.

தலைவர் அவர்களே! ஆசிரியை இரக்கமே உருவானவர் என்றீர்கள். இல்லை ஐயா. அவர் கோபக்காரி. இந்த மண்டபப் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சரிவு கட்டித் தாருங்கள் என்று கேட்டார், பார்ப்போம் என்றீர்கள். அவர் காய்ச்சலில் கண்ணை மூடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அதனால் இன்று அவரால் நடமாடுகிறவர்கள் அவருடைய அஞ்சலிக் கூட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். எனக்கு இது வயிற்றெரிச்சல். அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

அவரோடு அவர் பணியும் முடிந்தது என்றும் சொன்னீர்கள். திங்கட்கிழமை கொட்டிலைக் கூட்டுறவுச் சங்கக் கடைக்குக் கொடுத்து உரமூட்டை அடுக்கப் போகிறீர்களாம். யாரைக் கேட்டு? உள்ளே ஒரு வண்டி அரைவாசியில் நிற்கிறது. முல்லைத்தீவுக் கரையில் றோசம்மா அதற்காகக் காத்திருக்கிறார். அவருக்கு உரமூட்டையையா அனுப்பிவைப்பீர்கள்? கொட்டில் பூட்டின் திறப்பு என் இடுப்பில் இருக்கிறது. தரமாட்டேன். திங்கட்கிழமை நேசமலர் அங்கே மிசினைச் சுழற்றுவார், நான் மிதிப்பேன், வீரகத்தி அண்ணர் சில்லுப் பூட்டுவார். உரமூட்டை வந்தால் எங்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மறைந்த எங்கள் ஆசிரியையின் பெயரால் நான் எடுக்கும் உறுதிமொழி இதுதான்.

இனி எல்லோரும் எழுந்து நின்று மௌனமாக அஞ்சலி செலுத்துவது வழக்கம். அம்மா, ஐயா, இருங்கள். யாரும் எழுந்து நிற்க வேண்டாம். நிற்க முடியாதவர்களோடு வாழ்ந்தவருக்கு, இருந்தபடியே அஞ்சலி செலுத்துவோம். மௌனமும் வேண்டாம். அவர் எங்களுக்குத் தந்தது மௌனம் இல்லை.

வீரகத்தி அண்ணை, மணியை அடியுங்கோ.